பிரித்தால் சேர்க்கத் தெரிய வேண்டும்

இலங்கை மலையகத்துப் பிள்ளைகள் இன்று உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். லயத்து அறையில் உட்கார்ந்து ஒரு பிள்ளை நிரல் எழுதுவதைப் பார்ப்பது என் வயதுக்காரர்களுக்குப் பெரிய நிறைவு. சி மொழி பழகத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு பயிற்சி வரும்: ஒரு முழு எண்ணை அதன் இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். சின்னப் பயிற்சிதான். ஆனால் ஒரு குடும்பத்தை நடத்த வேண்டிய அறிவு அதற்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1964 என்ற எண்ணை எடுங்கள். பத்தால் வகுத்து மீதியைப் பாருங்கள். சி மொழியில் அதற்கு % குறி. மீதி 4, கடைசி இலக்கம் கைக்கு வந்துவிட்டது. இனி / குறியைப் போட்டுப் பத்தால் வகுங்கள். முழு எண்களை வகுக்கும்போது சி தசமப் பகுதியை விட்டுவிடும், 196 மிஞ்சும். மறுபடி மீதி 6, பிறகு 9, பிறகு 1. எண் பூச்சியமானதும் வேலை முடிந்தது.

கவனம் வேண்டியது இதற்குப் பிறகுதான். இலக்கங்கள் பின்னாலிருந்து வந்திருக்கின்றன. வந்த வரிசையில் எழுதினால் 4691 ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் அணியில் வைத்து, கடைசியாக வந்ததிலிருந்து அடுக்க வேண்டும். 1-ஐப் பத்தால் பெருக்கி 9-ஐக் கூட்டினால் 19. அதைப் பத்தால் பெருக்கி 6-ஐக் கூட்டினால் 196. இன்னொரு முறை செய்தால் 1964. சரியாகப் பிரித்தோமா என்பதற்கு இதுவே சோதனை: பழைய எண் திரும்பி வர வேண்டும்.

1964-ஐ நான் காரணத்தோடுதான் எடுத்தேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மக்களை 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது. மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000; மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று விட்டார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக்கினார்கள். கூட்டிப் பாருங்கள், தொகை சரியாக வரும். ஆனால் அண்ணன் ஒரு பங்கிலும் தம்பி இன்னொரு பங்கிலும் போனார்கள். இந்தியாவுக்குப் போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. நீலகிரிக்குப் போனவர்களையும் இங்கே நின்றவர்களையும் திரும்ப ஒரு வீட்டில் சேர்க்கும் வழி அந்தக் கணக்கில் இல்லை. சேர்க்க வழி வைக்காத பிரிப்பு யாரையாவது தொலைத்தே தீரும்.

எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல் வந்தது. அந்த ஆண்டில் பிறந்த பெண்பிள்ளையின் அடையாள அட்டை இலக்கம் 2003 என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும். பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 2003545 என்றால் 45ஆவது நாள், பெப்ரவரி 14. ஆயிரத்தால் வகுங்கள்: ஈவு 2003, மீதி 545. எந்த இடத்தில் பிரித்தால் பொருள் கெடாது என்று அறிந்து பிரிப்பதும் ஒரு திறமை.

2003-இன் நடுவே நிற்கும் இரண்டு பூச்சியங்களைப் பாருங்கள். மதிப்பில்லை என்று தூக்கிப் போட்டால் 23தான் மிஞ்சும். முன்னால் நிற்கும் பூச்சியத்திலும் கவனம் வேண்டும். ஹட்டனின் தொலைபேசிக் குறியீடு 051. அதை நிரலில் எண்ணாக அப்படியே எழுதினால், சி எட்டை அடியாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொண்டு 41 ஆக்கிவிடும். அப்படிப்பட்டதை எழுத்துச் சரமாக வைப்பதே முறை.

இன்று நம் வீடுகள் மறுபடி பிரிகின்றன. ஒரு பிள்ளை கொழும்புக் கடையில், ஒருத்தி வளைகுடா நாட்டில், இன்னொருத்தி மலையில் கொழுந்துக் கூடையோடு. அம்மாவை யார் பார்ப்பது, தங்கச்சியின் படிப்புச் செலவு யாருடையது என்று பங்கு பிரிக்கும்போது, யார் எந்தப் பொறுப்பில் நிற்கிறார் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். பணம் அனுப்ப முடியாத அண்ணனின் இடத்தை அழித்துவிடாதீர்கள். அவர் தருவது பூச்சியமாக இருந்தாலும், அந்த இடம் போனால் குடும்பத்தின் மதிப்பே மாறிவிடும். பொங்கலுக்கோ தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ எல்லோரும் கூடும் நாளைப் பிரியும்போதே குறித்து வையுங்கள்.

பிள்ளைகளே, பிரிக்கும் வரிகளை எழுதி முடித்ததும் நிரலை மூடிவிடாதீர்கள். சேர்க்கும் வரிகளையும் எழுதி, பழைய எண் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டால், நாளை நீங்கள் பங்கு பிரிக்கும் எந்த இடத்திலும் ஒருவரும் தொலைந்துபோக மாட்டார்கள்.