பழைய டைக்கு ஒரு புது புஷ்

லேத் பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டது என்பதாலேயே அது அந்த போல்ட்டுக்கு உரிய நட்டு ஆகிவிடாது. அரை இஞ்ச் விட்வொர்த் போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 12 மரை. அதே அரை இஞ்ச் அமெரிக்கன் போல்ட்டில் 13. ஒன்றின் நட்டை மற்றதில் மாட்டினால் முதலில் ஏறுவது போலத்தான் இருக்கும், பிறகு இறுகும். பலம் உள்ளவன் ஸ்பேனரைப் போட்டு இழுப்பான். இரண்டும் கெட்டுப்போகும். கோவையில் மில் மெஷின்களுக்கு உதிரி பாகம் கடைந்த காலத்தில் இதை வாரம் ஒரு தடவையாவது பார்ப்பேன். லங்காஷயரிலிருந்து வந்த பழைய மெஷின் ஒரு பக்கம், மெட்ரிக்கில் வந்த புது மெஷின் மறு பக்கம், நடுவில் நாங்கள்.

மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தபோது இதே மரைத் தகராறு வேறு வேஷத்தில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபதைத் தாண்டிய வயது. நான் டர்னர் என்று பேரன் சொல்லிவிட்டான் போல. ஒருநாள் சுருட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். எண்ணெய்த் துணியில் சுற்றிய மூன்று எஃகு உருளைகள். வெளியே மரை, உள்ளே கண்ணாடி போல் பாலிஷ். தோட்டா டைகள் என்றார்.

நம் ஊரில் இது அவ்வளவாகப் பழக்கமில்லாத விஷயம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுட்டதும் குண்டு போய்விடும், பித்தளைக் கூடு மிஞ்சும். வெடித்த அழுத்தத்தில் கூடு லேசாக விரிந்திருக்கும். அதை டைக்குள் செலுத்தி அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும். பிறகு புது பிரைமர், மருந்து, குண்டு. அங்கே வேட்டைக்காரர்கள் பலர் இதை வீட்டு ஷெட்டிலேயே, சட்டப்படியே செய்கிறார்கள். (மருந்துப் பக்கம் நான் போகவே இல்லை. என் வேலை மரையோடு சரி.)

டையை மாட்டி அழுத்தும் பிரஸ்ஸில் இன்று பெரும்பாலும் ஒரே அளவுதான்: 7/8 இஞ்ச், 14 மரை. எந்தக் கம்பெனி டையும் எந்தக் கம்பெனி பிரஸ்ஸிலும் ஏறும். முன்காலத்தில் அப்படியில்லை. ஆளுக்கொரு மரை போட்டார்கள். லைமன் கம்பெனியின் 310 என்ற கைக்கருவி, பாக்குவெட்டியைப் பெரிதாக்கியது போல இருக்கும். அதன் டைக்கு இஞ்சுக்கு 30 மரை. இவர் கொண்டுவந்ததில் கம்பெனிப் பெயரே இல்லை. அவருடைய அப்பாவுக்காக அந்த ஊர் டூல்மேக்கர் ஒருவர், அவருடைய துப்பாக்கியின் அளவைப் பார்த்துச் செய்து கொடுத்ததாம். அதற்கான பிரஸ்ஸின் வார்ப்பு விரிந்து எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

துப்பாக்கி .303 சாவேஜ். 303 என்றதும் எனக்கு நம் போலீஸ்காரர் தோளில் தொங்கிய துப்பாக்கிதான் நினைவுக்கு வந்தது. அது வேறு, இது வேறு என்று சிரித்தார். பெயரில்தான் ஒற்றுமை, ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது. நம் அரை இஞ்ச் போல்ட் கதைதான். சாவேஜ் தோட்டாவை இப்போது சாதாரணக் கடையில் வாங்க முடியாது. கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழியில்லையென்றால் அப்பாவின் துப்பாக்கி சுவரில் தொங்க வேண்டியதுதான். நவம்பர் கடைசியில் மான் வேட்டை சீசன்.

கடைக்காரர் ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார்: டையின் பழைய மரையைக் கடைந்து எடுத்துவிட்டு, மேலே ஒரு ஸ்லீவைப் பிரேஸிங் செய்து புது மரை போட்டுவிடலாம் என்று. கேட்டதும் எனக்குப் பகீரென்றது. ஓரத்தில் அரத்தை வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. மேல்தோல் ஹார்டனிங் செய்த எஃகு. பிரேஸிங் சூட்டில் உள்பக்கத்தின் கடினம் இறங்கும், அளவும் அசையும். அந்தக் கைவேலைக்காரர் பிடித்த அளவை யாரால் திரும்பக் கொண்டுவர முடியும்? டையைத் தொடக்கூடாது, நடுவில் ஒரு புஷ் செய்வோம் என்றேன். புஷ் கெட்டால் இன்னொன்று கடையலாம்.

அளந்தேன். வெளி விட்டம் 11/16 இஞ்ச், அதாவது 17.46 மில்லி. மெட்ரிக் பிட்ச் கேஜில் ஒன்றரை மில்லி பிளேடை வைத்தால் மூன்று மரை வரை பொருந்துவது போலவே இருந்தது. நம்பியிருந்தால் தீர்ந்தது. நீளமாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஏழெட்டாவது மரையில் இடைவெளி தெரிந்தது. இஞ்ச் கேஜில் 18 கச்சிதமாக உட்கார்ந்தது. இஞ்சுக்கு 18 என்றால் 1.41 மில்லி. கோணம் 60 டிகிரி, அமெரிக்க வழக்கம். விட்வொர்த் 1841ல் சொன்னது 55. செல்லர்ஸ் என்ற அமெரிக்கர் 1864ல் 60 என்றார். இரண்டாம் உலகப் போரில் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், 1948ல், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன.

மரை ஒத்துப்போகாததால் ஊரே எரிந்ததும் உண்டு. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் தீப்பற்றியபோது வாஷிங்டனிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்தன. வந்த ஹோஸ்கள் பல அந்த ஊர் ஹைட்ரன்டில் மாட்டவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின.

சரி, புஷ்ஷுக்கு வருவோம். 7/8 மரையின் அடிவிட்டம் சுமார் 20 மில்லி. உள்ளே 17.46. பக்கத்துக்கு ஒன்றேகால் மில்லி சுவர்தான் மிஞ்சும். டை முக்கால் இஞ்சாக இருந்திருந்தால் அரை மில்லிகூட நின்றிருக்காது, கையை விரித்திருப்பேன்.

அவர் ஷெட்டில் 9 இஞ்ச் சவுத் பெண்ட் லேத் ஒன்று, போர்வை போர்த்தி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 8. பதினான்கும் பதினெட்டும் கியர்பாக்ஸ் நெம்பை நகர்த்தினால் வந்துவிடும். அதில் மெட்ரிக் மரை வெட்டுவதானால் 127 பல் கியர் தேடியிருக்க வேண்டும். (இஞ்சுக்கு 25.4 மில்லி, ஐந்தால் பெருக்கினால் 127. அந்தக் கியரைக் கண்டுபிடித்தவன் காலில் விழலாம்.)

ஒன்றேகால் இஞ்ச் மைல்ட் ஸ்டீல் ராடைச் சக்கில் பிடித்து, 0.627 இஞ்சுக்குப் போரிங். உள் மரை, வெளி மரை இரண்டையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் வெட்டினேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நடுவில் கழற்றி மாட்டினால் இரண்டு மரையின் மையமும் விலகும், டை சாய்ந்து நிற்கும், கூட்டின் கழுத்து கோணும். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடைசி இரண்டு பாஸுக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். உள் மரையை டையையே வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். விரலால் சுற்றினால் ஏற வேண்டும், ஆடக்கூடாது. மேலே ஒரு காலர் விட்டுப் பார்ட்டிங் செய்தேன்.

பிரஸ்ஸில் புஷ், புஷ்ஷில் டை. பழைய கூடு ஒன்றை எண்ணெய் தடவி உள்ளே விட்டு எடுத்தார். கண்ணாடித் தட்டின் மேல் உருட்டினோம். கழுத்து அசையாமல் உருண்டது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா போய் இருபத்திரண்டு வருஷம் என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் ஒருநாள் ஒரு பொட்டலம் மான் கறியோடு வந்து நின்றார். நாங்கள் சைவம் என்று என் மனைவி விளக்குவதற்குள் மனிதர் முகம் சுருங்கிவிட்டது. மகன் வாங்கி ஃப்ரீஸரில் வைத்தான், பிறகு ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்தான். அவருக்கு மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் போனது. அதைச் சாப்பிட்டாரா என்று தெரியாது.

கிளம்புவதற்கு முன் அவர் ஷெட்டுக்குப் போய் எண் பஞ்ச் செட்டைக் கேட்டு வாங்கினேன். காலரின் மேல் "உள் 11/16 – 18, வெளி 7/8 – 14" என்ற எண்களை அடித்தேன். டூல்ரூம் பழக்கம். அடுத்து அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் மறுபடி கேஜை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேட வேண்டாமே.