பிற்பாட்டுக்காரன்

வாடை பிறந்து வடகடல் எழும்பத் தொடங்கினால் மன்னார்த் தீவின் பேசாலையில் தொழில் குறையும். சிலர் வள்ளத்தையும் வலையையும் தூக்கிக்கொண்டு தென்கடல் பக்கம் வாடி போடப் போவார்கள். போகாதவர்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிந்த கண்களைப் பார்த்துப் பார்த்து முடிவார்கள். அந்த நாட்களில்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டில் கூத்துக் கொப்பி திறக்கும். யாருக்கும் ஓய்வு நேரத்தைக் கழிக்க வழி வேண்டும் என்ற எண்ணம் இருந்ததில்லை. கூத்துப் போடுவதாக ஊர் ஆலயத்துக்கு நேர்ந்திருக்கும். நாள் குறித்தாகிவிடும். நேர்ந்ததைச் செய்யாமல் விட முடியுமா?

எனக்கு இப்போது 77 வயது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போய், எங்கள் தீவையும் புரட்டிப்போட்ட அடுத்த வருசம் முதன்முதலாகக் கொப்பிக்கு முன்னால் போய் நின்றேன். பதினேழு வயது. எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தில் எம்பரதோராக வரவேண்டும் என்பது என் ஆசை. எம்பரதோர் என்றால் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்லில் பேரரசன். ஓலைக் குடிசைப் பையனுக்கு அந்தச் சொல்லே போதை. அண்ணாவியார் கூத்துப் பாட்டான தரு ஒன்றைச் சொல்லித்தந்து பாடச் சொன்னார். பாடினேன். அவர் தாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன்ர தொண்டை கிழிஞ்ச மத்தளம். ஆனா காது நல்லது. பிற்பாட்டுக்கு நில்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எம்பரதோர் வேசம் என் மச்சானுக்குப் போனது. என்னைவிட ஒரு வயது இளையவன், வள்ளத்தில் எனக்குப் பின்னால் இருப்பவன்!

பிற்பாட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். களரியில் ஆடுகிறவன் தருவைப் பாடி முடித்ததும், ஓரத்தில் நிற்கிற நாலைந்து பேர் அதை வாங்கித் திரும்பப் பாடவேண்டும். அந்த இடைவெளியில் அவன் மூச்செடுப்பான், ஆடுவான், அடுத்த அடியை ஞாபகப்படுத்திக்கொள்வான். விடிய விடியக் கூத்து. ஒரே அரசனுக்கு முன்னிரவில் ஒருவர், பின்னிரவில் இன்னொருவர் என்று வேசக்காரர் மாறுவார்கள். களைத்தவன் உடுப்பைக் கழற்றிவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போவான். பிற்பாட்டுக்காரனுக்கு மாற்றாள் கிடையாது. மாலை போடுவாரும் இல்லை, காலையில் வீட்டுக்கு வந்து "நல்லாச் செய்தாய்" என்பாரும் இல்லை.

முதல் நாலு வருசம் நான் கறுவிக்கொண்டுதான் பாடினேன். மச்சானின் தரு வரும்போது வேண்டுமென்றே அரைக் குரலில் வாங்குவேன். ஒருநாள் அவன் உச்சத்தில் நின்று மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தும் பிந்தி எடுத்தேன். அண்ணாவியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இப்போதும் ஞாபகம்.

அவருக்கு என் எரிச்சல் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாடைக்கு அரச வேசங்களுக்கு முடி கட்டும் வேலையையும் என் தலையில் போட்டார். எங்கள் முடிகள் கடையில் வாங்கியவை அல்ல. பனை ஈர்க்கை வளைத்துக் கட்டிக் கூடு செய்வோம். அதன்மேல் காட்போட் மட்டை. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் துரிசு. மேலே சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள், உடைந்த முகக்கண்ணாடித் துண்டு, மணி. சரிகைத்தாள் மட்டும் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார்க் கப்பலில் வரும். 1984 வரைக்கும் அந்தக் கப்பல் ஓடியது. கப்பலால் இறங்குகிற ஆரையாவது பிடித்து, புடைவைப் பொட்டலத்துக்குள் நாலு தாள் மடித்து வரச்சொல்லுவோம்.

கண்ணாடித் துண்டு பதிக்கிற வேலை லேசானதல்ல. களரியின் நாலு பக்கமும் பெற்றோல்மக்ஸ் தொங்கும். துண்டை நேராகப் பதித்தால் ஒளி ஆடுகிறவனின் கண்ணிலேயே அடிக்கும். சற்றே சரித்துப் பதித்தால்தான் அவன் தலை திரும்பும்போது வெளிச்சம் சனத்தின் மேல் சிதறும். இதை எனக்கு ஆரும் சொல்லித்தரவில்லை. மூன்று முடி பிழைத்த பிறகு விளங்கியது. அதற்குமுன் எனக்குத் தெரியாத ஒன்றும் அங்கே விளங்கியது. ஒருவனுக்கு முடி செய்ய அவன் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். மச்சான் எந்த அடியில் கழுத்தை வெட்டுகிறான், எங்கே குனிகிறான், எங்கே வியர்வை வழிந்து மட்டை ஊறும் என்றெல்லாம் பார்த்தேன். அப்படிப் பார்த்த பிறகு அவன்மேல் பொறாமைப்படுவது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

மன்னார்க் கழுதைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க இயலாது. தீவு முழுக்கக் கட்டாக்காலியாய்த் திரியும் அவற்றுக்குப் பேப்பரும் மட்டையும் நல்ல தீன். கூத்துக்கு முதல்நாள் எம்பரதோரின் முடியைப் பசை காய முற்றத்தில் வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஈர்க்குக் கூடும் நாலு மணியும் கிடக்கின்றன. புளியங்கொட்டைப் பசையின் ருசி வேறு. வேலியோரம் ஒரு கழுதை நின்று மென்றுகொண்டிருந்தது, உதட்டில் சரிகையோடு.

நான் தலையில் கைவைத்து இருந்தேன். என் மனிசி வெளியே வந்து பார்த்தாள். சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "மட்டைக்கு எங்க போறது? ஓலையில இழைப்பம்" என்றாள்.

அவள் கை ஓலைக்கென்றே பிறந்த கை. குருத்தோலையை வெட்டி, வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்கவைத்து, ஈர்க்குக் களைந்து, ஒரே அகலத்தில் வார்ந்து சுருட்டி வைத்திருப்பாள். கொட்டப்பெட்டி, நீத்துப்பெட்டி, மூடல்பெட்டி, திருகணி, மீன் கொண்டுவர உமல் என்று எல்லாம் இழைப்பாள். முற்றிய ஓலையில் இரட்டையாகக் கடகம் இழைத்து, விளிம்புக்கு நார் வைத்துப் பொத்துவாள். அன்றைக்குப் பெட்டிக்கு அடியிடுவதுபோல் தொடங்கினாள். பெட்டியில் மூலை திருப்புகிற இடம்தான் கஷ்டம். அதுவரை படுத்துக் கிடந்த ஓலை அங்கேதான் எழும்பி நிற்கவேண்டும். இறுக்கினால் ஓலை வெடிக்கும், தளர்த்தினால் மூலை வாயைத் திறக்கும். அவள் வாயில் ஒரு ஓலையைக் கடித்துக்கொண்டு, பெருவிரலால் அழுத்தி, ஆறு மூலைகளை எழுப்பினாள். ஆறும் ஆறு கூர். சாயம் காய்ச்ச நேரமில்லை. வெள்ளை ஓலை முடிதான். மிச்சமிருந்த மணிகளைத் தைத்தோம்.

பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் அந்த வெறும் ஓலை பொன்னாக இருந்தது. பாரமும் இல்லை. மச்சான் அன்றைக்குத்தான் கழுத்தை நன்றாக வெட்டி ஆடினான். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் நான் கட்டிய முடிகள் எல்லாமே ஓலையில்தான். "கழுதை தந்த முடி" என்று பெயரும் வந்தது. வருசக்கணக்காகச் சோறு வடிக்கும் தட்டாக, உப்புப் பெட்டியாகப் பார்த்த வேலையை அன்றுவரை நான் கலையென்று எண்ணியதில்லை. வீட்டுக்குள் இருந்த அண்ணாவியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கழுதை தேவைப்பட்டிருக்கிறது.

தவக்காலத்தில் கூத்து இல்லை. அது பாசின் காலம். பேசாலையின் உடக்குப் பாஸ் பெயர்போனது. உடக்கு என்றால் உருவம், சுரூபம். ஆண்டவரின் பாடுகளை மனிதர் நடிக்காமல் உருவங்களைக் கொண்டு காட்டுவது. கூடவே வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். 1705இல் கோவாவிலிருந்து வந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் ஊரூராய்த் திரிந்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்துவிட்டு 1742இல் இறந்துபோன யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதியது. அந்தத் தமிழை வாசிக்கக் கேட்டால் கரையில் வளர்ந்த முரட்டு மனிதர்களும் அழுவார்கள். உடக்கை அசைக்கிறவன் மறைவில் இருப்பான். சனம் உருவத்தைத்தான் பார்க்கும். பிற்பாட்டுக்காரனாவது ஓரத்தில் தெரிவான், இவனுக்கு அதுவும் இல்லை. ஒரு கை மெல்லத் தாழவேண்டுமென்றால் உள்ளே இருப்பவன் மூச்சை அடக்கவேண்டும். நானும் சில வருசம் உள்ளே இருந்தேன். வாசிப்பவரின் குரல் இறங்குமுன் கை இறங்கிவிடக்கூடாது. அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவு எனக்குப் பிடிபட இரண்டு தவக்காலம் ஆயிற்று.

1990இல் யுத்தத்தோடு எல்லாம் போனது. றெயில் நின்றது. ஊரில் பாதி வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனது. நாங்களும் போனோம். எடுத்துப் போனது இரண்டு பிள்ளைகள், ஒரு பை, மனிசி கைவிடாமல் பிடித்துவந்த ஓலை வாரும் சத்தகம். முடிகள், உடுப்புகள், மத்தளம், அண்ணாவியாரின் கொப்பி ஒன்றுமே மிஞ்சவில்லை.

மண்டபம் அகதி முகாமில் ஒருநாள் மச்சான் என்னிடம் வந்தான். பேச்சுவாக்கில் ஞானசவுந்தரி பற்றிக் கதை வந்தது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கையும் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட அரசகுமாரிக்கு மாதா கைகளைத் திருப்பிக் கொடுக்கிற கதை. (1948இல் இதே கதையைத் தமிழ்நாட்டில் இரண்டு கம்பெனிகள் போட்டிக்குப் படமெடுத்தன. நான் பிறந்ததும் அதே வருசம்.) மச்சான் தன் தருவைப் பாடப் பார்த்தான். நாலாம் அடியில் நின்றுவிட்டான். தன் பாட்டு மட்டும்தான் அவனுக்குப் பாடம். அதற்கு முன்னும் பின்னும் என்ன வரும் என்பது தெரியாததால் தன் பாட்டும் அறுந்துபோனது. நான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு அரசியின் தரு, மந்திரியின் தரு, கட்டியகாரனின் விருத்தம் என்று வந்துகொண்டே இருந்தன. இருபத்தைந்து வருசம் எல்லாருக்கும் வாங்கிப் பாடியவனுக்கு எல்லாருடைய பாட்டும் இருந்தது.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழும்பிப் போய், எங்கேயோ காசு மாறி, 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வந்தான். "சொல்லு மச்சான், நான் எழுதிறன்." மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் சண்டையும் பிடித்தோம், ஒரு விருத்தம் யாருக்குரியது என்பதில். அவன் சொன்னதுதான் சரி என்று பின்னர் தெரிந்தது.

அச்சில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும், பின்பு மூவிராசாக்கள், ஞானசவுந்தரி நாடகங்களையும் பதிப்பித்தார். மன்னார் கூத்துக்கு அவர் செய்தது பெரிய உபகாரம். ஆனால் ஊருக்கு ஊர் கொப்பி வேறு. எங்கள் அண்ணாவியார் தன் கையால் சேர்த்த தருக்களும், வெட்டிய தருக்களும் புத்தகத்தில் எப்படி இருக்கும்? இராகம் எந்த அச்சில் வரும்?

1992க்குப் பிறகு திரும்பியவர்களோடு நாங்களும் திரும்பினோம். சொந்த ஊரிலேயே அகதி நிலையம். அந்தக் கொப்பியும் வந்தது. 2006 ஜூன் 17 அன்று வெற்றிமாதா ஆலயத்துக்குள் ஒதுங்கியிருந்த சனத்தின்மேல் நடந்த தாக்குதலை எழுத எனக்குக் கை வராது. அடுத்த தவக்காலத்தில் அதே ஆலயத்துக்குள் போய், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடினோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். அன்று ஓரத்தில் நிற்கிறவர், நடுவில் நிற்கிறவர் என்று பேதம் இருக்கவில்லை.

மச்சான் இப்போது இல்லை. மனிசிக்குக் கண் மங்கிவிட்டது. விரலால் தடவித் தடவி இன்னும் இழைக்கிறாள். மூலை திருப்பும்போது மட்டும் பேத்தியைக் கூப்பிட்டு, "நேரா இருக்கோ பார்" என்பாள். 2015இல் றெயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அவளிடம் சின்னப் பெட்டிகள் வாங்கிப் போகிறார்கள். அவளுக்கு அதில் பெரிய பெருமை இல்லை. கடகம் கேட்டு ஒருவரும் வருவதில்லை என்பதே குறை.

இளம் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். போனில் பாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிடிப்பது நல்லது, எங்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் மூன்று மாதம் மண்டபத்தில் மல்லுக்கட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் தங்கள் பங்கை மட்டும் கேட்டுப் பாடமாக்குகிறார்கள். ஒத்திகைக்குத் தங்கள் தரு வரும் நேரம் பார்த்து வந்து, முடிந்ததும் மோட்டார்சைக்கிளில் ஏறுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சொல்லியும் பார்த்தேன், கிழவன் புறுபுறுக்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

பேத்தி ஒருநாள் கேட்டாள்: "அம்மப்பா, நீங்கள் ஏன் ஒருநாளும் ராசாவா ஆடேல்லை?"

"தொண்டை சரியில்லை."

"பிறகு ஏன் பாடினனீங்கள்?"

பதில் தேடினேன், வரவில்லை. அவள் காத்திருக்கவில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் இருந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். மச்சானின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. தெரியாத இடத்தில் உள்ளேயிருந்தபடி நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் எடுத்துக் கொடுக்குமுன் அவளே வாங்கிப் பாடினாள். தாளம் கொஞ்சம் முந்துகிறது. காது நல்லது.

இந்த வருசம் எம்பரதோர் போடுவதாகப் பேச்சு. அரசனாக வரும் பெடியனுக்குத் தலை பெரிது, ஈர்க்கால் அளந்து வைத்திருக்கிறேன். ஓலை பனியில் கிடக்கிறது. புளியங்கொட்டை வறுக்கவேண்டும். வேலியில் ஒரு பொட்டு விழுந்திருக்கிறது, அதை முதலில் அடைக்கவேண்டும்.