விதை தெளித்த ஊரிலிருந்து

கோவில்பத்து, காரைக்கால்

அன்புள்ள நண்பா,

மாங்கனித் திருவிழா பார்த்த கையோடு எழுதுகிறேன். ஆனிப் பௌர்ணமியன்று பிச்சாண்டவர் வீதியுலா வந்தார். அவர் கடந்து போகப் போக வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைத்தார்கள். கீழே பெண்கள் முந்தானையை விரித்து நின்றார்கள். பிடித்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. பரமதத்தனுக்கு மாப்பிள்ளை அழைப்பு, புனிதவதியோடு கல்யாணம், பிச்சாண்டவருக்கு அமுது படையல் என்று காரைக்கால் அம்மையார் கதையை ஊரே நடத்திக் காட்டுகிறது. சேக்கிழாரைப் படிக்காதவர்களுக்கும் இங்கே அந்தக் கதை அத்துப்படி.

இந்தத் திருவிழாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கூட்டமே அதைக் காப்பாற்றிவிடும். கவலையெல்லாம் திண்ணைப் பேச்சைப் பற்றித்தான்.

தங்கியிருப்பது கோவில்பத்தில். சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி இதுதான், பார்வதீஸ்வரர் கோயில். பஞ்ச காலத்தில் சிவனே உழவனாக வந்து விதை தெளித்தார் என்பது தலக்கதை. பக்கத்து வீட்டுப் பாட்டி அதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "சம்பாவா, குறுவையா ஆத்தா?" என்று குறுக்கே கேட்டது பிள்ளை. "சம்பாதான், பின்ன என்ன?" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். எந்தத் தலபுராணத்தில் இது கிடைக்கும்?

எழுத்தாளர் கி.ரா.வை (கி. ராஜநாராயணனை) நினைத்துக்கொண்டேன். 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைத் தந்தவர், பிறகு புதுச்சேரிக்கு வந்து அந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டினார். 2021இல் புதுச்சேரியிலேயே காலமானார். காரைக்காலுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஆட்சிதான் புதுச்சேரியோடு, பேச்சு காவிரிக் கடைமடையின் பேச்சு. அதிலும் எத்தனை அடுக்கு! 1954இல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று, கொம்யூன் பஞ்சாயத்து நிலைத்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் 'சொல்தா'. மரைக்காயர் வீட்டில் குழம்பு 'ஆணம்', அக்கா 'லாத்தா'. வயலுக்குப் போனால் தாளடி, நாற்றங்கால், அண்டைவெட்டு என்று வேறொரு சொற்களஞ்சியம். நடவு இயந்திரம் வந்த வயல்களில் நடவுப் பாட்டு நின்றுபோய்விட்டது. பாடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் முதலில் தேடிப்போக வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நீயும் வந்து சேர். ஒலிப்பதிவுக் கருவியை மறக்காதே. பாட்டியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பகலில் கதை கிடையாதாம். விளக்கு வைத்த பிறகு வரச் சொன்னார்.

அன்புடன்,
உன் நண்பன்