விசாரித்துச் சொல்கிறேன்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது எங்கள் கந்தர்வக்கோட்டை. சுற்றிலும் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும். இங்குள்ள மத்ரஸாவில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் அரபு இலக்கணமும் கற்பித்து வருகிறேன். சென்ற ஷஅபானில் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின், என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் வந்தார். இன்று கடைத்தெருவில் இரும்புக்கடை நடத்துபவர்.

"ஹஜ்ரத், எங்கள் சேவைச் சங்கத்தில் தாங்களும் உறுப்பினராக வேண்டும். எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். தாங்கள் வந்தால் நம் மக்கள் தயங்காமல் முகாம்களுக்கு வருவார்கள்" என்றார்.

"விசாரித்துச் சொல்கிறேன், தம்பி" என்றேன்.

சொன்னவுடனேயே என் நெஞ்சம் துணுக்குற்றது. இதே சொல்லை நான் முன்பும் ஒருமுறை சொன்னதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

என் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஃபிரீமேசன் இயக்கத்தையும், அதனோடு தொடர்புடையவை எனத் தான் கருதிய ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களையும் முஸ்லிம்கள் விலக்க வேண்டுமென 1985இல் கெய்ரோவின் அல்அஸ்ஹர் ஃபத்வாக் குழு அறிவித்தது. இத்தகைய ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கத் திருச்சபையும் 1951இல் தன் குருமார்கள் ரோட்டரியில் சேரலாகாதெனத் தடை விதித்தது.

இரண்டாவது தயக்கம் விளம்பரத்தைப் பற்றியது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறப்பித்துரைத்தார்கள். நம் காலத்து உதவி விழாக்களிலோ, ஒரு தையல் இயந்திரத்தைப் பத்துப் பேர் தொட்டுக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெறுபவர் முகம் தரையைப் பார்க்கிறது.

மூன்றாவதாக ஒன்றுண்டு, சொல்ல நாணுகிறேன். என்னிடம் அலிஃப் கற்ற பையன் மேடையில் வீற்றிருக்க, நான் கடைசி நாற்காலியில் அமர்வதா என்னும் எண்ணமே அது. இதற்கு ஃபத்வா தேட வேண்டியதில்லை. அரபியில் கிப்ர் என்பார்கள்; தமிழில் செருக்கு.

அன்றிரவு முதல் விசாரிக்கலானேன், இம்முறை உண்மையாகவே. ரோட்டரி 1905இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரால் தொடங்கப்பட்டது. லயன்ஸ் அதே நகரில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பாரின் முயற்சியால் எழுந்தது. கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925இல் லயன்ஸ் மாநாட்டில் தோன்றிப் பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அதன்பின் கண்ணொளிப் பணி அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று.

ஒரு சட்டம் அதன் காரணத்தோடு சுழலும் என்பது நாங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கும் உஸூல் விதியன்றோ! ஆகவே சங்கத்தின் விதி நூலையும் வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படித்தேன். இரகசிய உறுதிமொழி உண்டா, மறைவான சடங்கு உண்டா, நம் தீனுக்கு மாறான நிபந்தனை உண்டா என்று தேடினேன். இந்த ஊரில், இந்தச் சங்கத்தில், அவ்வாறு எதனையும் நான் காணவில்லை.

ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையும் நினைவுக்கு வந்தது. நபித்துவத்துக்கு முன்னர், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் மக்கத்துக் குலத்தார் சிலர் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்போமென உறுதி பூண்டனர். சரக்கை விற்றுவிட்டு விலை கிடைக்காமல் தவித்த ஓர் அயலூர் வணிகரே அதற்குக் காரணமானவர். இளைஞராயிருந்த நம் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் பங்கேற்றார்கள். நபியான பின்னரும் அதனை மகிழ்வோடு நினைவுகூர்ந்து, இன்று அழைக்கப்பட்டாலும் செல்வேன் என்னும் கருத்துப்படக் கூறினார்கள்.

பிறகு இளம்பிள்ளை வாதத்தின் வரலாற்றைப் படித்தேன். அல்அஸ்ஹர் எச்சரித்த அதே 1985இல்தான் ரோட்டரி அந்நோயை உலகிலிருந்து ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. உத்தரப்பிரதேசத்தில் நம் மக்களுள் பலர், சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தியை நம்பிக் கதவடைத்தார்கள். அக்கதவுகளைத் திறக்க ரோட்டரியினர் உலமாக்களின் குழு ஒன்றை அமைத்து அவர்களின் துணையை நாடினர். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் கண்டது 2011 ஜனவரி 13இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27இல் நாம் நோயற்றவரெனச் சான்று பெற்றோம். ஓர் ஆலிமின் சொல் ஒரு பிள்ளையின் காலைக் காக்கவும் கூடும்; முடமாக்கவும் கூடும்.

இவ்விடத்தில் மேலே படிக்க என்னால் இயலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கும் எங்கள் மஹல்லாவின் மூதாட்டி ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் என்னை நிறுத்தினார். "அஜரத்து, கண்ணுல புரை விழுந்திருக்காம். அந்தச் சங்கத்துக்காரங்க முகாம் போடுறாங்களாம். அவுங்ககிட்டப் போறது கூடுமா?" என்று கேட்டார்.

"விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரிக்கவில்லை, மறந்துபோனேன். என் சொல்லுக்காக அவர் காத்திருந்தார். முகாம் முடிந்துவிட்டது. அடுத்த முகாம் வருமுன், ஒரு விடியற்காலை ஒளுச் செய்யக் கிணற்றடிக்குப் போனவர், படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பின்னர்க் கண் தெளிந்தது, நடை திரும்பவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "அல்லா எழுதுனது அஜரத்து, நீங்க என்ன செய்வீங்க?" என்றார். அவருடைய ஈமான் அவ்வாறு சொல்ல வைத்தது. அதனை என் கவனக்குறைவுக்குப் போர்வையாக்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

மூன்று இரவுகள் இஸ்திகாராத் தொழுதேன். வீட்டாரிடமும் கலந்துகொண்டேன். "உங்களை மாலை போடவா கூப்பிடுகிறார்கள்? நாலு பேருக்குப் பெயர் எழுதத்தானே கூப்பிடுகிறார்கள், போங்களேன்" என்றார் என் மனைவி.

மாணவரிடம் மூன்று வேண்டுகோள் வைத்தேன். மஃரிப் நேரத்தில் கூட்டம் நடந்தால் தொழுகைக்கு விட வேண்டும். கணக்கை ஆண்டுதோறும் நான் பார்க்க வேண்டும். உதவி பெறுபவரின் முகம் எந்தப் படத்திலும் வரலாகாது. வெளிப்படையான தர்மமும் நன்றே, மறைவானது அதனினும் நன்று என்பது பகரா அத்தியாயத்தின் போதனையன்றோ! மாணவர் இசைந்தார், நான் கையொப்பமிட்டேன். அல்அஸ்ஹர் அஞ்சியதை என்றேனும் அங்கே கண்டால், அன்றே விலகுவேன் என்பதையும் சொல்லி வைத்தேன்.

அந்தத் தீர்ப்பைப் பேணி ஒதுங்கி நிற்கும் சகோதரரை நான் குறை கூறேன். ஆனால் ஒதுங்குபவர் விசாரித்து ஒதுங்கட்டும். ஒதுங்கியபின், அந்த மூதாட்டியைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் கடமையைத் தாமே ஏற்கட்டும். இரண்டையும் விடுவது பேணுதலன்று.

சென்ற கண் முகாமை ஜும்ஆவுக்குப் பின் நானே அறிவித்தேன். பெயர் எழுதும் மேசையில் கடைசி நாற்காலியைத் தந்தார்கள். "போகலாமா, அஜரத்து?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அங்கேயே விடை சொன்னேன்.

இறைவன் நம் நிய்யத்துகளைச் செம்மையாக்குவானாக! ஆமீன்.