வயசாயிடுச்சு

ஆடி மழையில் நடுவட்டம் போயிருந்தேன். நள்ளிரவில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு, தங்கச்சி எங்க?" என்றாள். கொழுந்து பறிப்பதை விட்டுப் பதினான்கு வருடம். சித்தி நாவலப்பிட்டி லயத்திலேயே இறந்துபோனவள். அம்மா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்தவள். முந்தின நாள்தான் ரேஷன் அட்டை இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லியிருந்தாள்.

"வயசாயிடுச்சு" என்றான் அண்ணன். கூட்டிப்போன கிளினிக்கிலும் அதேதான். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் கொழுந்து எடையை மனசிலேயே கூட்டிவைத்துக் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டவள். அதற்கு அங்கே மார்க் கிடையாது. (1990களிலேயே அரியானாவின் பல்லப்கட்டில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக இந்தத் தேர்வை மாற்றி அமைத்திருந்தார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.) அல்சைமர் என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள்.

ஊட்டியில் டாக்டரம்மா முதலில் கேட்டது: "எப்போதிலிருந்து?"

"முந்தாநேத்து ராத்திரியிலிருந்து."

பேனாவைக் கீழே வைத்தார். அல்சைமர் வருடக்கணக்கில் மெல்ல ஏறும். இரண்டு நாளில் வந்து, ஒரு மணி நேரம் தெளிவும் அடுத்த மணி குழப்பமுமாக, பகலில் தூங்கி இரவில் விழித்தால் அது டெலிரியம். அடியில் வேறு நோய் இருக்கும், தேட வேண்டும். சளிக்கு மெடிக்கலில் வாங்கிய குளோர்பெனிரமின்கூட வயதானவர்களைக் குழப்புமாம், தூக்க மாத்திரை அதற்கு மேல். தைராய்டு, பி12, தலையில் அடி, மனச்சோர்வு எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு அம்மாவிடமே கேட்டார்.

"ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் இருக்காம்மா?"

"பத்து நாளா இருக்கு."

எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தேயிலைக் காட்டில் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே பழகிய உடம்பு. இப்போது மழையில் வெளியே உள்ள கக்கூசுக்கு நடக்கப் பயந்து இன்னும் குறைத்திருக்கிறாள்.

சிறுநீரில் தொற்று. மருந்தில் ஒரு வாரத்தில் தெளிந்தாள், முழுக்க அல்ல. பேர்கள் இன்னும் நழுவுகின்றன. பி12 ஊசி போடுகிறோம். மெதுவான மறதியும் கூடவே இருக்கலாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

இதற்குள் பென்ஷன் பாஸ்புக்கை அண்ணன் 'பத்திரமாக' எடுத்து வைத்துவிட்டான். அம்மா கேட்டாள்.

"தேதி தெரியாத ஒனக்கு எதுக்கும்மா?"

"ரேகை என்னோடதுதானேடா."

பாஸ்புக் இன்னும் அவள் கைக்கு வரவில்லை.