மாதேரானில் மீண்டும் குதிரையேற்றம்

நமது சங்கத்து அன்பர்களில் பலர், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவதையே பிரயாணம் என்று கருதுகிறவர்கள். நானும் அவ்வாறே. லீவும் பாஸும் கிடைத்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழனிக்கு ரயிலேறிவிடுவேன். கல்யாணில் பதினான்கு ஆண்டுகளாக ரயில்வேக் குமாஸ்தாவாக இருந்தும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாதேரான் மலையைச் சென்ற குளிர்காலம் வரையில் நான் பார்த்ததில்லை. பார்க்கும்படி செய்தவள் என் எட்டு வயது மகள்.

ஒருநாள் இரவு, காலண்டரில் அச்சிட்டிருந்த ஐயனார் கோயில் மண்குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்பா, பாட்டனார் வீட்டில் குதிரை இருந்ததாமே! உங்களுக்குக் குதிரையேறத் தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியும்” என்றேன். அவள் விடவில்லை. “அப்படியானால் ஏறிக் காட்டுங்கள்” என்றாள். என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த உண்மைக்கு இருபத்தைந்து வயது ஆகியிருந்தது.

எங்கள் பாட்டனார் பழனியில் ஜட்கா வண்டி ஓட்டியவர். ரயிலடியிலிருந்து அடிவாரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வது அவர் தொழில். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால் அவருக்கு உறக்கம் கிடையாது. அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையில் அவர் வாங்கி வந்த குதிரைக்குச் ‘செவலை’ என்று பெயர். மாலையில் வண்டியை அவிழ்த்ததும், சேணமில்லாத அதன் வெற்று முதுகில் என்னைத் தூக்கி வைத்துக் குளத்துக்கு அனுப்புவார். பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு போவேன். ஒருமுறை கீழே விழுந்து முழங்கை தேய்ந்தது. அழுதுகொண்டு வீட்டை நோக்கி நடந்தவனைத் தடுத்து, “விழுந்த இடத்திலேயே ஏறணும் கண்ணு. இல்லாட்டி அப்புறம் ஏறவே மாட்டே” என்று மறுபடியும் தூக்கி வைத்தார்.

நான் குதிரையேறுவதை விட்டது விழுந்ததனால் அன்று. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

மாதேரானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அம்மலையின்மீது மோட்டார் வாகனங்கள் செல்ல அனுமதியில்லை. மோட்டாரில் வருகிறவர்கள் தஸ்தூரி என்னும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் சிறு ரயில், கால்நடை, குதிரை, மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷா ஆகியவையே நெடுங்காலமாக அங்கு வாகனங்களாக இருந்துவந்தன. குதிரை வேடிக்கைப் பொருளாக இல்லாமல், உழைத்துப் பிழைக்கும் ஊர் அது.

வாராந்திர ஓய்வு நாளில், விடியற்காலை லோக்கல் வண்டியில் கல்யாணை விட்டுப் புறப்பட்டோம். அம்பர்நாத், பத்லாபூர், வாங்கணி முதலிய நிலையங்களைக் கடந்து நேரலை அடைந்தோம். அங்கிருந்து மலைரயில். நாம் நாள்தோறும் ஏறும் வண்டிகள் ஓடும் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். இதன் அகலமோ 610 மில்லிமீட்டரே. அப்துல் ஹுஸேன் ஆதம்ஜி பீர்பாய் என்பவரது முயற்சியால் 1904-ல் தொடங்கிய வேலை, 1907-ல் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிற்று. சுமார் 21 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டியிருப்பதால், பாதை பாம்பென வளைந்து வளைந்து செல்கிறது. வழியில் ஒரே ஒரு குகை. 2005-ம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையில் இப்பாதை பெரிதும் சேதமடைந்து, 2007-ல்தான் மீண்டும் வண்டி ஓடிற்று. ரயில்வே ஊழியனாகிய எனக்கு இதில் ஏறியதே ஒரு பெருமிதம். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அப்பிரயாணத்தில் என் மகள் ஜன்னலை விட்டு நகரவேயில்லை.

இம்மலை 1850-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அப்போது தாணே கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்னும் ஆங்கிலேயர் இங்கே ஏறி வந்து, கோடை வாசத்துக்கு ஏற்ற இடம் என்று கண்டார். மாதேரான் என்பதற்குத் தலைமேல் உள்ள காடு என்று பொருள் சொல்கிறார்கள். பெயருக்கு ஏற்ப மரங்கள் அடர்ந்து நிழல் தருகின்றன. மண் செக்கச் சிவந்த செம்புறை மண். சிறிது நேரம் நடந்தால் செருப்பும் வேட்டியும் அந்நிறமே ஆகிவிடும்.

கடைசி நிலையத்துக்கு முந்தியதான அமன் லாட்ஜில் இறங்கினோம். தஸ்தூரிக்கு அருகில் உள்ள நிலையம் அது. இறங்கியதும் குதிரை வாசனை வந்தது. வியர்வையும் புல்லும் தோலும் கலந்த அந்த வாசனை, இருபத்தைந்து ஆண்டுகளை ஒரே மூச்சில் புரட்டிவிட்டது. குதிரைகள் வரிசையாக நின்றன. சிலவற்றின் முதுகில் காய்கறி மூட்டையும் சமையல் எரிவாயு உருளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க குதிரைக்காரர் ஒருவர் எங்களை அணுகினார். எனக்கு ஒரு குதிரை, மகளுக்கு ஒரு சிறு குதிரை. கடைவீதி வழியாக ஷார்லட் ஏரி வரையில் போய்வர இன்ன தொகை என்று சொன்னார். நான் விடவில்லை. மும்பையில் வாழ்ந்து பழகிய நாக்கு அல்லவா? இந்தியிலும் எனக்குத் தெரிந்த மராத்தியிலும் வாதாடி, இருநூறு ரூபாய் குறைத்தேன். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “சரி சாஹேப்” என்றார். பேரத்தில் வென்றுவிட்டதாக என் மனைவியைப் பார்த்தேன். மலைக்காற்றில் நடந்தே வருவதாகச் சொல்லியிருந்த அவள், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வந்தது ‘பாதல்’ என்னும் சாம்பல் நிறக் குதிரை. குதிரையை எதிரே நின்றோ பின்புறமாகவோ அணுகலாகாது, இடத்தோளின் பக்கமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும் என்று பாட்டனார் சொல்லித் தந்தது நினைவிருந்தது. அதுவரை சரி. அங்கவடியில் இடது காலை வைத்து எழும்பியபோதுதான், பதினொரு வயதுச் சிறுவன் வேறு, முப்பத்தாறு வயதுக் குமாஸ்தா வேறு என்பது விளங்கிற்று. குதிரைக்காரர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். மேலே உட்கார்ந்ததும் தரை வெகு தூரத்தில் தெரிந்தது. சிறு வயதில் இவ்வுயரம் எனக்கு உயரமாகவே பட்டதில்லை. உடம்பு முழுதும் மரக்கட்டையாகிவிட்டது. முழங்கால்களை இறுக்கி, கடிவாளத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பாதல் பத்தடி நடந்தது, நின்றுவிட்டது. காதுகளைப் பின்னுக்குத் தள்ளித் தலையை உதறிற்று. மகளோ முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் குதிகாலால் தட்டினேன். அது பக்கவாட்டில் நகர்ந்தது. வயிற்றில் புளி கரைத்தது.

“சாஹேப், உங்களுடைய பயம் அதற்குத் தெரிந்துவிட்டது. போ என்று காலால் சொல்கிறீர்கள். நில் என்று கையால் சொல்கிறீர்கள். அது எதைக் கேட்கும்?” என்றார் குதிரைக்காரர்.

வெட்கமாயிருந்தது. மூச்சை விட்டேன். கையைத் தாழ்த்திக் கடிவாளத்தைத் தளர்த்தினேன். குதிகாலைக் கீழே அழுத்தி, பார்வையைக் குதிரையின் கழுத்திலிருந்து எடுத்துப் பாதையின்மேல் வைத்தேன். பாதல் ஒருமுறை செருமிவிட்டு நடக்கத் தொடங்கிற்று. நூறடி போனதும் என் இடுப்பு அதன் நடையோடு அசைவதை உணர்ந்தேன். நான் மறந்திருந்ததை என் இடுப்பு மறக்கவில்லை.

சமதளமான ஓரிடத்தில், “ஓட்டலாமா?” என்று கேட்டேன். குதிரைக்காரர் என் உட்காரும் விதத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளல் ஓட்டத்தை ‘ட்ராட்’ என்பார்கள். ஒரு பக்கத்து முன்னங்காலும் மறு பக்கத்துப் பின்னங்காலும் ஜோடியாக எழுந்து விழும். ஒரு தாளத்துக்கு எழும்பி, மறு தாளத்துக்கு உட்காரவேண்டும். தாளம் தவறினால் முதுகெலும்பு பதில் சொல்லும். என் முதுகெலும்பு முதலில் நன்றாகவே பதில் சொல்லிற்று. பிறகு தாளம் பிடிபட்டது. செவ்வண்ணப் புழுதியும் மர நிழலும் பின்னால் ஓடின. நான் உரக்கச் சிரித்துவிட்டேன் என்று என் மகள் பின்னர் சொன்னாள்.

ஷார்லட் ஏரி இவ்வூருக்குக் குடிநீர் தரும் நீர்நிலை. அதன் அருகே பிசர்நாத் என்னும் பழைய சிவன் கோயில் இருக்கிறது. சுவாமி தரிசனம் செய்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். கீழே இறங்கியபோது தொடைகள் வெடவெடத்தன. குதிரைக்காரர் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியபின், பேசிக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறுகளில்தான் கூட்டம். ஆனால் குதிரைக்குத் தீனி ஏழு நாளும் வேண்டும். மழை மாதங்களில் சம்பாத்தியம் பாதிக்கு மேல் படுத்துவிடும். கை ரிக்‌ஷா இழுப்பவர்களுக்காக 2022 டிசம்பரில் மின்சார ரிக்‌ஷாக்களைச் சோதனையாக ஓட்டத் தொடங்கினார்கள். மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கத்தை ஆறு மாதத்துக்குள் ஒழிக்கவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. “அது நியாயம், சாஹேப். அவர்கள் எத்தனை நாள் இழுப்பார்கள்? ஆனால் ரிக்‌ஷா பெருகினால் குதிரையில் ஏறுவது யார்? என் மகன் வேறு தொழிலுக்குப் போகட்டும் என்றுதான் படிக்க வைக்கிறேன்” என்றார்.

இதே பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பழனியில் ஆட்டோக்களும் மினி பஸ்களும் பெருகிய நாளில், எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டேன்.

நான் குதிரையை விட்ட கதை இதுதான். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, பாட்டனார் என்னை ஜட்காவிலேயே வாசல் வரையில் கொண்டுவந்து விடுவார். உடன் படித்தவர்கள் குதிரையைப்போல் கனைத்துக் காட்டிக் கேலி செய்தார்கள். ஒருநாள், “இனிமேல் வாசலுக்கு வரவேண்டாம் தாத்தா. மூலையிலேயே இறக்கிவிட்டுடுங்க” என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. “சரி கண்ணு” என்றார். மறுநாளிலிருந்து வண்டி மூலை வேப்பமரத்தடியில் நின்றது. அவ்வாண்டே குளத்துக்குக் குதிரையேறிப் போவதையும் விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து, 2002-ல், செவலையை விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போனபோது, நான் வீட்டுக்குள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி என் படிப்புக்குத்தான் வந்தது. 2008-ல் பாட்டனார் காலமானார். அதைப்பற்றி நாங்கள் இருவரும் கடைசிவரை பேசியதேயில்லை.

திரும்பும் வழியில் மகளின் குதிரை என் குதிரைக்கு இணையாக வந்தது. “அப்பா, நம் கல்யாணில் குதிரை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நீங்கள் என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடலாம். எல்லோரும் பார்ப்பார்கள்” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. கடிவாளத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ரயிலடியில் இறங்கியதும் குதிரைக்காரர் முதலில் கேட்ட தொகையை முழுமையாகக் கொடுத்தேன். “இருநூறு அதிகம் இருக்கிறது சாஹேப்” என்று திருப்பி நீட்டினார். என் பாட்டனாரும் ஜட்கா ஓட்டியவர் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதனால்தான் இரண்டாவது மைலில் கை தளர்ந்தது” என்று சொல்லிச் சிரித்தார். எண்ணிப் பார்க்காமல் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாதேரான் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தில் நேரலிலிருந்து மேலே வரும் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கம். அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையே மட்டும் வண்டி ஓடும். குரங்குகள் மிகுதி, தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டாம். குதிரையேறுகிறவர்கள் சேணத்தின் வாரையும் குதிரையின் முதுகில் புண் இல்லையா என்பதையும் பார்த்துவிட்டு ஏறுக. நெடுநாளைக்குப் பின் ஏறுகிறவர்கள் முதல் அரை மணி நடையோடு நிறுத்திக்கொள்வது நலம். மறுநாள் மாடிப்படி இறங்குவது கடினம் என்பதை அனுபவத்தில் சொல்லுகிறேன். வாடகையை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பேசும்போது, அந்தத் தொகையில் குதிரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

வரும் கோடையில் பழனிக்குப் போகிறோம். பள்ளிக்கூட மூலையிலிருந்த அந்த வேப்பமரம் இன்னும் இருக்கிறதாம். மகளை அங்கே அழைத்துச் சென்று, நடந்ததைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.