நண்டின் கை

நாகப்பட்டினத்தில் குடியிருந்த மூன்று வருஷமும் நண்டு வாங்குகிற பொறுப்பு என் மனைவியுடையது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன். நண்டு விற்கிற கிழவி ஒவ்வொன்றாகத் திருப்பி, வயிற்றுப் பக்கத்து ஓட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அமுங்கினால் ஒதுக்கி விடுவாள். "இது வேணாம் தாயி, தண்ணி நண்டு. உடைச்சா உள்ளே ஒண்ணும் இருக்காது" என்பாள்.

சட்டை உரித்துச் சில நாளே ஆன நண்டு அது. பழைய ஓட்டிலிருந்து வெளிவரும்போது தண்ணீரைக் குடித்து உடம்பை உப்ப வைத்துக்கொள்கிறது. புது ஓடு அந்த அளவுக்கு இறுகுகிறது. சதை வந்து நிறைய நாளாகும். கிழவி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் வெகு நாள் இருந்தது. கொடுக்கு எவ்வளவு பெரிது! அது உடம்போடு சேருகிற கணு எவ்வளவு சிறிது! அந்தச் சந்து வழியாக அத்தனை சதையையும் எப்படி வெளியே இழுக்கிறது?

கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன் நான். ஆனாலும் புத்தகங்களைப் புரட்டி விடையைத் தேடினேன். கரீபியன் தீவுகளில் தரையில் வாழும் ஒரு நண்டை வைத்து டோரதி ஸ்கின்னர் என்ற பெண்மணி 1966-இல் இதை எழுதியிருக்கிறார். ஓடு கழற்றுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே கொடுக்குச் சதை கரையத் தொடங்குகிறது. அதிலுள்ள புரதத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது. பட்டினியால் அல்ல, நோயால் அல்ல. நண்டின் உடம்பே உத்தரவு போட்டுத் தன் கையைத் தானே மெலிய வைக்கிறது! மார்புப் பக்கத்துத் தசைக்கு இந்த நஷ்டம் இல்லை. கணுவில் சிக்கக் கூடிய கைக்குத்தான்.

கரைப்பதிலும் ஒரு நிதானம். தசை இழைகளில் மெல்லியவை அதிகம் போகின்றன, தடித்தவை குறைவாக. அடித்தளத்தை இடிக்காமல் சுவரை மட்டும் இறக்குகிற கொத்தனார் வேலை. இதைவிட விந்தை, கரைக்கிற அதே சமயத்தில் புதுப் புரதம் கட்டுகிற வேலையும் மும்முரமாக நடக்கிறது. ஓடு கழன்ற பிறகு, சதை மறுபடி வளர்ந்து பெரிய கொடுக்கை நிரப்புகிறது.

கழிக்க வேண்டிய புரதத்தின்மேல் ஒரு சின்ன அடையாளப் புரதம் ஒட்டப்படுகிறது. அடையாளம் விழுந்ததைச் சிதைக்க உயிரணுவுக்குள் ஓர் ஆலை இருக்கிறது. அந்த அடையாள ரகசியத்தைக் கண்டவர்கள் மூவருக்கு 2004-இல் ரசாயன நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த ஆலை நண்டுக்கு மட்டும் சொந்தமல்ல. உங்களிடமும் என்னிடமும் உண்டு.

அதை நான் கண்ணால் கண்டேன். 2018-இல் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். எழுபத்தாறு வயது. அதுவரை தினமும் இரண்டு மைல் நடந்தவர். கெண்டை மீனைப் போலத் திரண்ட கால் சதை. சின்ன வயதில் அதைக் கட்டிக்கொண்டுதான் நான் கடைத்தெரு பார்த்தது. ஆறு வாரம் கழித்துக் கட்டை வெட்டியபோது உள்ளே இருந்தது வேறு யாருடையதோ ஒரு குச்சிக் கால். டாக்டர் எலும்பைப் படத்தில் பார்த்து, "நன்றாகக் கூடிவிட்டது" என்று திருப்தியாகச் சொன்னார். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. வேஷ்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

நடக்கச் சொன்னால் மறுத்தார். அம்மா கெஞ்சினாள், எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம், வேறு பேச்சுத் தோன்றாமல் இந்த நண்டுக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏண்டா, போன சதை அதுக்குத் திரும்ப வர எத்தனை நாளாகும்?" என்றார்.

"சில வாரத்தில் வந்துவிடுமாம், அப்பா" என்றேன். நண்டு இளசா கிழடா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"அந்தக் கைத்தடியை எடு" என்றார்.